வேக்ஸிங் செய்த ஒரே வாரத்தில் முள்முள்ளாக முடி: தயாரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பவளமல்லி கேட்டது:

ரேசரை விட்டுவிட்டு வேக்ஸிங்குக்கு மாறியிருக்கிறேன். கால், அக்குள், பிகினி லைன் மூன்றும் வீட்டிலேயேதான். காலுக்குத் துணி ஸ்ட்ரிப் வைத்து இழுக்கும் சாதாரண வேக்ஸ் இருக்கிறது. இழுத்தவுடன் வழவழப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆறு ஏழு நாளில் கெண்டைக்காலில் கை வைத்தால் முள்முள்ளாகக் குத்துகிறது. தொடையில் சிவப்புப் புள்ளிகள், சிலவற்றுக்குள் முடி சுருண்டு கிடப்பது கண்ணுக்கே தெரிகிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஸ்க்ரப் செய்வது முதல் நாளா, அன்றைக்கேவா? பவுடர் போடு என்கிறார்கள் சிலர், எண்ணெய் தடவு என்கிறார்கள் சிலர். இரண்டில் எது சரி?

---

சாமந்தி பதில்:

வேக்ஸை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இழுத்த ஸ்ட்ரிப்பை நல்ல வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஒட்டியிருக்கும் முடிகளின் நுனியைப் பாருங்கள். வேரோடு வந்த முடியின் ஒரு முனை தடித்திருக்கும். வளர்ந்துகொண்டிருந்த முடி என்றால் அந்த முனை கருமையாக, ஈர உறையோடு இருக்கும். வளர்ச்சி நின்று ஓய்வில் இருந்த முடி என்றால் சின்ன வெள்ளைக் குமிழாக இருக்கும். தடித்த முனையே இல்லாமல் பாதிக்கு மேல் மொட்டையாக இருந்தால், முடி வேரோடு வரவில்லை, தோல் மட்டத்திலோ உள்ளேயோ ஒடிந்திருக்கிறது. ஒரு வாரத்தில் குத்துவதும் தொடையில் சுருள்வதும் பெரும்பாலும் இந்த ஒடிந்த முடிகள்தான்.

நுனி எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வாரத்தில் முடி தெரிந்தால் காரணம் வேறு. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. நீங்கள் வேக்ஸ் போட்ட அன்று தோலுக்கு அடியில் இருந்தவை பிறகு வெளியே வருகின்றன. ரேசரிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று முறை திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, நடுவில் ரேசரைத் தொடாமல் இருந்தால் இது குறையும். நடுவில் ஒரே ஒரு முறை ஷேவ் செய்தாலும் பழையபடி ஆகிவிடும்.

நீளம்: 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பு கால் அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை சொல்கிறது, அதாவது ஏறக்குறைய 6 முதல் 19 மி.மீ. கால் முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ. வளரும். ஆகவே ஷேவ் செய்த பிறகு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். பத்தே நாளில் அவசரப்பட்டால் பலருக்கு 2 மி.மீ. முதல் 3 மி.மீ. வரைதான் வளர்ந்திருக்கும். ஸ்ட்ரிப் வேக்ஸ் அதை இறுகப் பிடிக்காது. ஒன்று வழுக்கிவிடும், இல்லையென்றால் ஒடித்துவிடும். ரொம்ப நீளமும் கூடாது. நீள முடி வேக்ஸில் சிக்கி, பக்கத்து முடியையும் சேர்த்து இழுக்கும். வலிதான் கூடும். காலில் 12 மி.மீ. தாண்டினாலே 6 மி.மீ. சீப்பு போட்ட டிரிம்மரால் குறைத்துவிடுவது நல்லது. அதைக் குளிப்பதற்கு முன்பே செய்யுங்கள். வெட்டிய துணுக்கு தோலில் ஒட்டியிருந்தால் வேக்ஸ் முதலில் அதைத்தான் பிடிக்கும்.

ஸ்க்ரப்: 24 முதல் 48 மணி நேரம் முன்பு. அன்றைக்கு வேண்டவே வேண்டாம். மேலே கிடக்கும் செத்த தோல் மெல்லிய முடிகளை அமுக்கி வைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் முடி நிமிரும், வேக்ஸும் தோல் செதிலைப் பிடிக்காமல் முடியைப் பிடிக்கும். ஆனால் வேக்ஸே தோலின் மேல் அடுக்கைக் கொஞ்சம் உரித்துத்தான் எடுக்கிறது. அதே நாளில் ஸ்க்ரப்பும் செய்தால் இரண்டு முறை உரித்த கணக்கு. எரிச்சலும் சில இடங்களில் தோல் கிழிவதும் அதனால்தான். சொரசொரப்பான துணியும் சோப்பும் வைத்து மெதுவாக வட்டமாகத் தேய்த்தாலே போதும்.

முதல் நாள் இரவு வரை மாய்ஸ்சரைசர் தாராளமாகப் போடலாம், போடவும் வேண்டும். வறண்ட தோலில் முடி சுலபமாக ஒடியும். வேக்ஸ் போடும் அன்று மட்டும் லோஷன், எண்ணெய், டியோடரன்ட் எதுவும் கூடாது.

அன்றைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்க உலர விடுங்கள். சுடுதண்ணீரில் குளித்துவிட்டு உடனே உட்கார்ந்தால் வியர்க்கும். ஈரம்தான் ஸ்ட்ரிப் வேக்ஸுக்கு முதல் எதிரி. மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். பவுடரா எண்ணெயா என்ற உங்கள் கேள்விக்கு: இரண்டும் சரி, வேறு வேறு வேக்ஸுக்கு. துணி ஸ்ட்ரிப் வேக்ஸுக்குப் பவுடர், அதுவும் ஈரத்தை உறிஞ்சும் அளவுக்கு மெல்லியதாக. வெள்ளை பூத்துத் தெரிந்தால் அதிகம், தட்டிவிடுங்கள். எண்ணெய் ஹார்ட் வேக்ஸுக்கு, அதாவது துணி இல்லாமல், ஆறி இறுகியதும் அப்படியே உரித்தெடுக்கும் வேக்ஸுக்கு. ஸ்ட்ரிப் வேக்ஸுக்கு எண்ணெய் தடவினால் ஒரு முடிகூட வராது.

வேக்ஸ் தேன் பதத்தில் இருக்க வேண்டும். குச்சியில் எடுத்தால் இழையாக, மெதுவாக விழ வேண்டும். தண்ணீர் மாதிரி ஒழுகினால் சூடு அதிகம். தடவும்போது திட்டாக நிற்கிறதென்றால் சூடு போதாது, அப்படித் தடித்துப் போன வேக்ஸ்தான் முடியை ஒடிக்கிறது, பிசுக்கையும் விட்டுப்போகிறது. மைக்ரோவேவில் சூடாக்கினால் 10 வினாடி, கலக்கு, மறுபடி 10 வினாடி என்று போங்கள். மேலே ஆறித் தெரிந்தாலும் நடுவில் கொதிக்கும். ஒவ்வொரு முறை சூடாக்கிய பிறகும் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள்.

இனி இழுப்பது. முடி வளரும் திசையில், குச்சியைச் சாய்த்துப் பிடித்து, தோல் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம் போதும். ஸ்ட்ரிப்பை வைத்து, ஓரத்தில் பிடிக்க 3 செ.மீ. விட்டு, அதே திசையில் மூன்று நான்கு முறை அழுத்தித் தேயுங்கள். ஒரு கையால் தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, மறு கையால் வளரும் திசைக்கு எதிராக ஒரே வீச்சில் இழுங்கள். கை தோலை ஒட்டியே போக வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஸ்ட்ரிப்பை மேல்நோக்கித் தூக்கினால் முடி மடங்கி ஒடியும், தோலும் கன்றிப்போகும். இழுத்தவுடன் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டால் வலி சட்டென்று அடங்கும்.

கெண்டைக்காலில் மட்டும் குத்துகிறது என்கிறீர்கள். முன்னங்காலில் முடி நேராகக் கீழ்நோக்கி இருக்கும். கெண்டைக்காலில் பக்கவாட்டில் சரிந்து வளரும், சிலருக்கு உள்பக்கமாகச் சுழலும். முன்னங்காலுக்கு இழுத்த அதே திசையில் அங்கேயும் இழுத்தால் பாதி முடி ஒடியும். கண்ணாடியில் பார்த்து, விரலால் தடவி, எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் வளரும் திசை என்று கண்டுகொள்ளுங்கள். முட்டியை மடக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மீந்த ஒன்றிரண்டை ட்வீசரால் எடுங்கள்.

---

நீலாம்பரி பதில்:

சாமந்தி சொன்னதெல்லாம் சரி. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: என்ன மருந்து எடுக்கிறீர்கள், தோலில் என்ன தடவுகிறீர்கள் என்பது.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்கள் வேக்ஸ் போடவே கூடாது. தோல் அப்படியே உரிந்து வரும், தழும்பாகும். ட்ரெடினாயின், அடாபலீன், ரெடினால் க்ரீம்களைத் தடவுகிற இடத்தில் வேக்ஸ் போடுவதாக இருந்தால் ஐந்து நாள் முன்பே நிறுத்துங்கள். கிளைகாலிக், சாலிசிலிக் அமிலம் உள்ளவற்றை இரண்டு மூன்று நாள் முன்பு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சூடு தெரியாத காலில் சூடான வேக்ஸ் ஆபத்து.

மச்சம், மரு, வெயிலில் வெந்த தோல், புடைத்த நரம்பு, ஆறாத புண் இவற்றின் மேல் வேக்ஸ் படக்கூடாது.

இன்னொன்று, நிறைய வேக்ஸில் பைன் மரப் பிசினான ரோசின் இருக்கும். சிலருக்கு அது ஒவ்வாது. ஒட்டுப் பிளாஸ்டர் போட்டால் அரிக்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். முன்னங்கையின் உட்புறம் ஒரு சின்ன இடத்தில் போட்டு இழுத்துவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். ஒவ்வாமை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் பெரும்பாலும் தலைகாட்டும். அரிப்போடு கூடிய தடிப்பு வந்தால் அந்த வேக்ஸை விட்டுவிடுங்கள்.

---

பவளமல்லி கேட்டது:

ஸ்ட்ரிப்பைப் பார்த்தேன், சாமந்தி. முன்னங்கால் முடியில் குமிழ் இருக்கிறது, கெண்டைக்கால் முடி பெரும்பாலும் மொட்டை. திசைதான் காரணம் என்று புரிகிறது. நன்றி.

அக்குளுக்கும் பிகினி லைனுக்கும் இதே ஸ்ட்ரிப் வேக்ஸ் சரிப்படுமா? மரத்துப்போகும் க்ரீம் தடவிக்கொண்டு செய்யலாமா?

---

கருந்துளசி பதில்:

அந்த ரெண்டு இடத்துக்கும் ஹார்ட் வேக்ஸுக்கு மாறிடுங்க. அங்க முடி தடிமன், வேர் ஆழம், தோல் மெல்லிசு. ஸ்ட்ரிப் வேக்ஸ் தோலையும் சேர்த்துப் பிடிக்கும். ஹார்ட் வேக்ஸ் ஆறும்போது முடியைச் சுத்தி இறுகும், தோலை அவ்வளவா பிடிக்காது. 3 மி.மீ. முடியைக்கூட எடுக்கும், ஆனா 6 மி.மீ. இருந்தா சுத்தமா வரும். பிகினி பகுதியில முடி நீளமா இருந்தா முதல்ல 6 முதல் 8 மி.மீ.க்கு டிரிம் பண்ணிடுங்க. இதைத் தவறவிட்டா வலி ரெட்டிப்பு.

கழுவி உலர்த்தின தோல்ல ரெண்டு மூணு சொட்டு எண்ணெயைத் தடவி, டிஷ்யூவால ஒத்தி எடுத்துடுங்க. ஒரு மெல்லிய படலம் இருந்தா போதும், வழவழன்னு இருந்தா வேக்ஸ் நிக்காது.

வேக்ஸ் ஸ்ட்ரிப் வேக்ஸை விடக் கெட்டியா இருக்கணும், குச்சியில சுத்தினா நிக்கணும். 3 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. முதல்ல வளரும் திசைக்கு எதிரா ஒரு முறை தள்ளித் தடவுங்க, முடியோட எல்லாப் பக்கமும் வேக்ஸ் படும். உடனே வளரும் திசையில இழுத்துச் சமமா மூடுங்க. கனம் 2 முதல் 3 மி.மீ. இருக்கணும். ஓரம் மெலிஞ்சு போகக்கூடாது, மெல்லிய ஓரம்தான் உடைஞ்சு தோல்லயே ஒட்டிக்கும். இழுக்கிற முனையில கொஞ்சம் கூடுதல் கனமா ஒரு பிடி விடுங்க.

எடுக்கிற நேரம்தான் நுணுக்கம். விரலால தொட்டா ஒட்டக்கூடாது, ஆனா பிடியை மடக்கினா வளையணும். அறைச் சூட்டைப் பொறுத்து 20 முதல் 40 வினாடி ஆகும். அதுக்கு மேல விட்டா மொறுமொறுன்னு உடையும். உடைஞ்சிடுச்சுன்னா நகத்தால பிய்க்காதீங்க. மேலயே புதுசா சூடான வேக்ஸ் தடவி, சேர்த்து இறுக விட்டு, ஒண்ணா எடுத்துடலாம்.

அக்குள்ல முடி ஒரே திசையில வளராது. பலருக்கு மேல் பாதி மேல்நோக்கி, கீழ் பாதி கீழ்நோக்கி, நடுவுல பக்கவாட்டுல. ரெண்டோ மூணோ பகுதியா பிரிச்சுக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் அதோட திசை. தனியா செய்யும்போது தோலை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை இருக்காது. கையைத் தலைக்குப் பின்னால கொண்டுபோய் எதிர்த் தோளைத் தொடுற மாதிரி நீட்டினா தோல் ஓரளவு தானா விறைக்கும். அப்பவும் மடிப்பு விழுந்தா யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்க. தளர்ந்த தோல்ல இழுத்தா ரத்தம் கட்டும்.

முதல் முறை ஊசிமுனை அளவு ரத்தப் பொட்டு வரலாம். வளர்ற முடியோட வேருக்கு ரத்த ஓட்டம் உண்டு, அதனால. சுத்தமான துணியால அழுத்தினா நின்னுடும்.

ஒரு தடவை தோல்ல பட்ட குச்சியை மறுபடி வேக்ஸ் பாத்திரத்துல விடாதீங்க. வேக்ஸ் சூடு கிருமியைக் கொல்லும்னு நம்பி இருக்காதீங்க, அந்தச் சூடு அதுக்குப் பத்தாது. பார்லருக்குப் போனாலும் ஒவ்வொரு முறையும் புதுக் குச்சி எடுக்கிறாங்களான்னு பாருங்க. எடுக்கலைன்னா எழுந்து வந்துடுங்க.

மரத்துப்போற க்ரீம்ல லிடோகெயின் மாதிரி மருந்து இருக்கும். அதைப் பெரிய பரப்புல தடவி, மேல பிளாஸ்டிக் தாள் சுத்தி வெச்சா ரத்தத்துல கலக்கும். இதயத் துடிப்பு தாறுமாறா போறது, வலிப்பு வரைக்கும் ஆபத்து இருக்கு. வேணும்னா மருத்துவர்கிட்ட கேட்டு, சின்ன இடத்துக்கு, அவர் சொல்ற அளவு மட்டும். மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்லயும் அந்த நாட்கள்லயும் நிறைய பேருக்கு வலி கூடும். அதைத் தவிர்த்து நாள் குறிச்சாலே பாதி வலி குறையும். வலி மாத்திரை ஒத்துக்கிறவங்க அரை மணி முன்னாடி போட்டுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், ரத்தக் கசிவு கூடும்.

---

முல்லைக்கொடி பதில்:

காலுக்குச் சர்க்கரை வேக்ஸையும் யோசியுங்கள். ரோசின் ஒவ்வாதவர்களுக்கு இதுதான் வழி. 2 கப் சர்க்கரை, கால் கப் எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர். மிதமான தீயில் 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். நிறம் வெளிர் பழுப்பாக மாறும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். எலுமிச்சையைக் குறைக்காதீர்கள், பாகு மறுபடி சர்க்கரையாகப் பூத்துப்போகாமல் இருப்பது அந்தப் புளிப்பால்தான். முன்னதாக இறக்கினால் கையில் ஒழுகும், அதிகம் காய்ச்சினால் கல்லாகும். சுடச்சுடத் தொட்டால் கடுமையாக வெந்துவிடும், கை தாங்கும் சூட்டுக்கு ஆறும் வரை தொடவே வேண்டாம்.

கையால் உருட்டிப் போடும் முறையில் திசை தலைகீழ்: வளரும் திசைக்கு எதிராகத் தடவி, வளரும் திசையிலேயே சுண்டி எடுக்க வேண்டும். அதனால் முடி ஒடிவது குறைவு. மீந்த பிசுக்கு வெறும் தண்ணீரில் போய்விடும். மற்ற வேக்ஸ் பிசுக்குக்குத் தண்ணீர் உதவாது, எண்ணெய்தான்.

---

வெண்தாமரை பதில்:

தொடைப் புள்ளிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

வேக்ஸ் போட்டவுடன் வரும் சிவப்புத் தடிப்பு தோலின் இயல்பான எதிர்வினை. குளிர்ந்த ஈரத்துணி ஒற்றினால் சில மணி நேரத்திலோ மறுநாளுக்குள்ளோ அடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் சீழ் முனையோடு சின்னக் கட்டிகள் வந்தால் அது மயிர்க்கால் தொற்று. முடி பிடுங்கிய துளைகள் திறந்திருக்கும்போது வியர்வையும் உராய்வும் சேர்வதால் வருவது. அதனால் முதல் 24 முதல் 48 மணி நேரம் சுடுதண்ணீர்க் குளியல், நீச்சல், உடற்பயிற்சி, இறுக்கமான உடை, அக்குளில் டியோடரன்ட், நேர் வெயில் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். வாசனை இல்லாத லேசான ஜெல் போதும். கட்டி பரவினாலோ, வலியோடு பெரிதானாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

சுருண்டு வளரும் முடிக்கு மறுநாளே ஸ்க்ரப் செய்யச் சொல்லும் ஆலோசனை பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோல் மூடி ஆற மூன்று நாளாவது கொடுங்கள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தேய்க்கும் ஸ்க்ரப்பை விடச் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் உள்ள லோஷனோ லாக்டிக் அமில லோஷனோ நல்லது. தேய்ப்பதால் வரும் எரிச்சல் இல்லாமல் துளையை அடைக்கும் செதில் கரையும். மற்ற நாளில் சாதாரண மாய்ஸ்சரைசர். அடுத்த வேக்ஸுக்கு மூன்று நாள் முன்பு அமில லோஷனை நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே சுருண்டிருப்பதைக் கிள்ளாதீர்கள். வெதுவெதுப்பான துணியை 10 நிமிடம் ஒற்றி எடுத்தால் பல முடிகள் தாமாக மேலே வரும். வளையம் தோலுக்கு வெளியே தெரிந்தால் மட்டும், கிருமி நீக்கிய ஊசியால் அதன் நுனியை விடுவியுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் அடுத்த முடியும் உள்ளேயே முளைக்க வாய்ப்பு உண்டு. அந்தப் புள்ளிகள் அடங்கும் வரை அதன் மேல் வேக்ஸும் வேண்டாம்.

மாநிறமும் கருமையுமான தோலில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் கருமைத் தழும்பாக மாறக்கூடும், மறைய மாதக்கணக்காகும். கிள்ளுவதும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுப்பதும் வெயிலும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள். வெளியே தெரியும் இடம் என்றால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போடுங்கள்.

எங்காவது தோல் உரிந்து பளபளவென்று ஈரமாகத் தெரிந்தால், மென்மையாகக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடி வையுங்கள். ஆறும் வரை அந்த இடத்தில் அமில லோஷன் படக்கூடாது.

---

பவளமல்லி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கெண்டைக்காலில் இப்போது ஒடிந்து குத்தும் முடியை என்ன செய்வது? உடனே மறுபடி வேக்ஸ் போடலாமா?

---

சாமந்தி பதில்:

வேண்டாம். அவை இப்போது 1 மி.மீ., 2 மி.மீ. தான் இருக்கும், மறுபடி ஒடியும். ஷேவும் செய்யாமல், இன்னும் மூன்று வாரம் விட்டு 6 மி.மீ. வந்ததும் அந்தப் பகுதியை மட்டும் சரியான திசையில் எடுங்கள். முன்னங்காலுக்கு வேறு தேதி, கெண்டைக்காலுக்கு வேறு தேதி என்று ஒரு முறை பிரிந்து போனால் பரவாயில்லை, அதற்கடுத்த முறை இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏதாவது விசேஷத்துக்காகச் செய்வதென்றால் இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள், சிவப்பு அடங்க நேரம் கிடைக்கும்.